எண்ணெய் விலையும் கரியமிலவாயுவும் நாட்டின் வளர்ச்சியும்

கச்சா எண்ணெயை உலகச் சந்தையில் பீப்பாய்க் கணக்கில் அளக்கின்றனர். ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். அதன் விலை அமெரிக்க டாலரில் கூறப்படுகிறது. செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் ஒரு மூலையில் அச்சாகும் இவ்விலைக்கும், ஒரு சிற்றூரில் வயலுக்கு நீர் இறைக்கும் உழவரின் செலவுக்கும் உள்ள தொடர்பு எளிதில் புலப்படுவதன்று. எனினும் அத்தொடர்பு உண்மையானது. கணக்கிட்டுக் காட்டக் கூடியதும் ஆகும். அண்மைக் காலத்தில் கரியமிலவாயு என்னும் மூன்றாவது பொருளும் இவற்றோடு பிணைந்துவிட்டது.

எண்ணெய் விலை ஏறினால் வளர்ச்சி குன்றும், எண்ணெயைக் குறைத்தால் செலவும் மிச்சமாகும், காற்று மண்டலத்தின் சுமையும் குறையும் என்று இவை யாவற்றையும் ஒரே மூச்சில் கூறிவிடும் வழக்கம் இருக்கிறது. இந்தியாவைப் பொறுத்தமட்டில் இது பாதி உண்மையே. அந்நியச் செலாவணியைக் கரைப்பது எண்ணெய். கரியமிலவாயுவைப் பெருமளவில் வெளியிடுவதோ நிலக்கரி. இவை இரண்டும் வெவ்வேறு சுமைகள். ஒரு தோளிலிருந்து இறக்கிய சுமை மறு தோளில் ஏறிவிடுவதும் உண்டு. பாடம் நடத்துவோரும் கிராமங்களில் பணிபுரிவோரும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொள்வது நலம்.

ஒரு டாலர் உயர்ந்தால்

இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. உள்நாட்டு உற்பத்தி இல்லாமலில்லை. அஸ்ஸாமில் டிக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901-ஆம் ஆண்டிலேயே இயங்கத் தொடங்கியது. குஜராத்தில் அங்கலேஷ்வர் வயல் 1960-இலும், பம்பாய்க்கு மேற்கே கடலடியில் பம்பாய் ஹை வயல் 1974-இலும் கண்டறியப்பட்டன. ஆனால் தேவை வளர்ந்த வேகத்திற்கு இவ்வயல்கள் ஈடுகொடுக்கவில்லை.

2023-24-ஆம் ஆண்டில் இறக்குமதியான கச்சா எண்ணெய் 23 கோடி டன்னுக்குச் சற்று மேல். ஒரு டன்னில் சுமார் 7.3 பீப்பாய் அடங்கும். ஆகவே ஓராண்டில் வாங்கப்பட்டது ஏறக்குறைய 170 கோடி பீப்பாய். பீப்பாய் ஒன்றுக்கு ஒரு டாலர் விலை கூடி, அவ்வுயர்வு ஓராண்டு முழுவதும் நிலைத்தால், நாடு கூடுதலாகச் செலுத்த வேண்டியது 170 கோடி டாலர். பத்து டாலர் உயர்ந்தால் 1,700 கோடி டாலர். இப்பெருக்கலை மாணவர்களையே செய்யச் சொல்லலாம். பூச்சியங்களைச் சரியாக எழுதுவதே அவர்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

இத்தொகை முழுவதும் திரும்பாமல் போய்விடுவதில்லை. குஜராத்தில் ஜாம்நகரில் 1999-இல் இயங்கத் தொடங்கிய பெரிய ஆலையும் பிற ஆலைகளும் வெளிநாட்டுக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, டீசலாகவும் பெட்ரோலாகவும் அயல்நாடுகளுக்கு விற்கின்றன. எண்ணெய் வளம் போதாத ஒரு நாடு எண்ணெய்ப் பொருள்களை ஏற்றுமதி செய்வது முதலில் வியப்பாகத் தோன்றும். நூலுக்குப் பஞ்சை வெளியிலிருந்து வாங்கித் துணியாக விற்கும் ஆலையின் நிலையே இதுவும். விலை ஏறும்போது ஏற்றுமதி வருவாயும் ஓரளவு ஏறுகிறது. ஆயினும் நாட்டுக்குள்ளேயே எரிக்கப்படும் பெரும்பகுதிக்கு இவ்வகை ஈடு கிடையாது.

விலை வீட்டுக்குள் வரும் வழிகள்

உலகச் சந்தையில் ஏறிய விலை, மக்களின் அன்றாட வாழ்வை முதலில் டீசல் வழியாக வந்தடைகிறது. நாட்டில் செலவாகும் பெட்ரோலியப் பொருள்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு டீசலே. லாரி, பேருந்து, டிராக்டர், அறுவடை இயந்திரம், மீன்பிடி விசைப்படகு, மின்னிணைப்பு இல்லாத கிணறுகளின் பம்பு ஆகிய அனைத்தும் அதனை நம்பியிருக்கின்றன. பெட்ரோல் விலை உயர்ந்தால் வண்டி வைத்திருப்பவர் வருந்துவார். டீசல் விலை உயர்ந்தாலோ வண்டியே இல்லாதவரும் தக்காளிக்கும் அரிசிக்கும் சேர்த்துக் கொடுக்க நேரும். கனமும் அழுகும் தன்மையும் உள்ள சரக்குகளில் இவ்வுயர்வு அதிகம் தெரியும். தொலைவு கூடக் கூட இன்னும் தெரியும்.

உரத்தின் வழியாகவும் அது வருகிறது. இதனைப் பலரும் கவனிப்பதில்லை. யூரியா செய்வதற்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. இந்தியா பயன்படுத்தும் எரிவாயுவில் ஏறக்குறைய பாதி, குளிர்வித்துத் திரவமாக்கிய நிலையில் கப்பலில் வருகிறது. நீண்டகால ஒப்பந்தங்களில் அதன் விலையைக் கச்சா எண்ணெய் விலையோடு இணைத்திருப்பது வழக்கம். ஆகவே பாரசீக வளைகுடாவில் ஏற்படும் கலக்கம் யூரியா ஆலையின் செலவை உடனே கூட்டுகிறது. ஆனால் கடையில் உழவர் அதனை உணர்வதில்லை. 45 கிலோ மூட்டையின் விலையை, வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் நீங்கலாக, 242 ரூபாய் என்று 2018-இல் அரசாங்கம் நிர்ணயித்தது. உண்மைச் செலவு ஏறியபோதும் இவ்விலை ஏறவில்லை. இடைவெளியை மத்திய அரசின் மானியம் நிரப்பியது. 2022-23-இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயை எட்டியதற்கு இதுவே காரணம். அத்தொகை வேறு எங்கிருந்தும் வருவதில்லை. பாசன வாய்க்காலுக்கும் பள்ளிக் கட்டிடத்துக்கும் செலவிடக்கூடிய அதே கருவூலத்திலிருந்துதான் அதுவும் வருகிறது.

இனி, நாணய மதிப்பு. எண்ணெய்க்கு டாலரில் பணம் செலுத்த வேண்டுமாதலால், விலை ஏறும்போது டாலருக்குத் தேவை மிகும். ரூபாயின் மதிப்பு சரியும். சரிந்த ரூபாயில் அதே எண்ணெயின் விலை இன்னும் கூடும். உலகச் சந்தையில் விலை 10 சதவீதம் உயர்ந்து, ரூபாயில் டாலரின் விலையும் 5 சதவீதம் கூடினால், உள்நாட்டுக்கு விழும் சுமை 15 சதவீதமன்று, 15.5 சதவீதம். விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க ரிசர்வ் வங்கி வட்டி வீதத்தை உயர்த்துகிறது. அப்போது பட்டறை வைக்கக் கடன் கேட்கச் செல்லும் இளைஞருக்கும் எண்ணெய் விலையின் ஒரு துளி போய்ச் சேருகிறது.

இவ்வழிகளில் எது அகலமானது என்பது அரசாங்கத்தின் கொள்கையைப் பொறுத்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரிலும் நீக்கப்பட்டன. அதற்கு முன் உயர்வின் பெரும்பகுதியைக் கருவூலமும் அரசுத் துறை எண்ணெய் நிறுவனங்களும் தாங்கின. பின்னர் நுகர்வோர் தாங்கத் தொடங்கினர். விலை வீழ்ந்தபோதும் இவ்வழி நேராக இருக்கவில்லை. 2014-இன் நடுவில் 110 டாலரை ஒட்டியிருந்த விலை 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. அச்சமயம் கலால் வரி பலமுறை உயர்த்தப்பட்டதால், வீழ்ச்சியின் நன்மை பெருமளவு அரசாங்க வருவாயாக மாறியது. அதனைச் சாலைகளுக்கும் இருப்புப் பாதைகளுக்கும் செலவிட்டது நன்றா, மக்களுக்கே விட்டிருக்க வேண்டுமா என்பதில் பொருளாதார வல்லுநர் ஒருமனப்பட்டிலர். 2017 ஜூன் முதல் நாள்தோறும் விலை மாற்றும் முறை நடைமுறைக்கு வந்தது. ஆயினும் 2022 ஏப்ரலுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், 2022 மே மாத வரிக்குறைப்பைத் தவிர, விற்பனை நிலைய விலை பெரும்பாலும் அசையாமலே நின்றது. ஏட்டில் உள்ள முறையும் நடப்பும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இரண்டு நெருக்கடிகள்

1973 அக்டோபரில் மூண்ட அரபு-இஸ்ரேல் போரைத் தொடர்ந்து, பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த விலை 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. 1979-இல் ஈரானில் நிகழ்ந்த புரட்சியை ஒட்டி அடுத்த ஏற்றம் வந்தது. 1979-80-இல் இந்தியாவின் மொத்த உற்பத்தி சுமார் 5 சதவீதம் குறைந்தது. இதனை எண்ணெயின் மேல் மட்டும் ஏற்றிக் கூறுவது பிழை. அவ்வாண்டு பெரும் வறட்சி. முதல் அடி வானம் பொய்த்ததால் விழுந்தது, எண்ணெய் அதன்மேல் வந்த இரண்டாம் அடி.

எண்ணெயின் வலிமையை நாடு முழுமையாக உணர்ந்தது 1990-91-இல். 1990 ஆகஸ்டில் இராக், குவைத்தின் மீது படையெடுத்தது. 20 டாலருக்கும் கீழே இருந்த விலை சில வாரங்களில் இரு மடங்காகி, அக்டோபரில் 40 டாலரைத் தொட்டது. குவைத்திலும் இராக்கிலும் வேலை செய்த இந்தியரில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் விமானங்களில் தாயகம் அழைத்து வரப்பட்டனர். அவர்கள் மாதந்தோறும் அனுப்பி வந்த பணம் நின்றது. ரூபாய்க் கணக்கில் பண்டம் வாங்கி வந்த சோவியத் ஒன்றியமும் அதே காலத்தில் தளர்ந்துகொண்டிருந்தது. அரசாங்கத்தின் வரவு செலவில் ஏற்கெனவே பெரிய பற்றாக்குறை. இந்நிலையில் 1991 ஜூனில் கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி சுமார் இரண்டு வார இறக்குமதிக்கே போதுமானதாயிற்று.

ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை அயல்நாட்டுக்கு அனுப்பி ஈடு வைத்துக் கடன் பெற்றது. ஜூலை 1, 3 ஆகிய இரு நாள்களில் ரூபாயின் மதிப்பு இரு தவணையாகக் குறைக்கப்பட்டது. ஜூலை 24-ஆம் நாள் புதிய தொழில் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1990-91-இல் 5 சதவீதத்துக்கு மேலிருந்த வளர்ச்சி, 1991-92-இல் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே சென்றது. இன்று உலகமயமாதல் எனப்படும் பாதையில் நாடு அடியெடுத்து வைத்தது ஓர் எண்ணெய் நெருக்கடியின் நடுவில்தான் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இதனுடன் 2022-ஆம் ஆண்டை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். அவ்வாண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மார்ச்சில் ஒரு கட்டத்தில் எண்ணெய் விலை 130 டாலரைக் கடந்தது. ஏப்ரலில் நுகர்வோர் விலைவாசி உயர்வு 7.8 சதவீதத்தை எட்டியது. ரூபாய் மதிப்பு சரிந்து, ஆண்டு முடிவதற்குள் ஒரு டாலர் 80 ரூபாயைக் கடந்தது. ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை தன் வட்டி வீதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் தங்கத்தை ஈடு வைக்க நேரவில்லை, இறக்குமதி நிற்கவில்லை, 2022-23-இல் வளர்ச்சி ஏறக்குறைய 7 சதவீதமாக இருந்தது.

வேறுபாடு எங்கே? 1990-இல் இந்தியாவின் ஏற்றுமதியும் இறக்குமதியும் சேர்ந்து மொத்த உற்பத்தியில் ஆறில் ஒரு பங்கு அளவே. வாங்குவது குறைவு, விற்பதும் குறைவு. எண்ணெயைக் கட்டாயம் வாங்கியாக வேண்டும், அதற்கு விற்றுப் பணம் திரட்டப் போதிய சரக்கு இல்லை. 2022-23-இல் இப்பங்கு ஏறத்தாழ 45 சதவீதமாக வளர்ந்திருந்தது. கணிப்பொறிப் பணிகள் முதலிய சேவை ஏற்றுமதி மட்டும் அவ்வாண்டு 30,000 கோடி டாலருக்கு மேல். ஆண்டின் தொடக்கத்தில் 60,000 கோடி டாலரைக் கடந்திருந்த கையிருப்பில், அக்டோபருக்குள் 10,000 கோடியளவு கரைந்தும், எஞ்சியது பல மாத இறக்குமதிக்குப் போதுமானதாக இருந்தது. இன்னொரு வாய்ப்பும் இருந்தது. மேலை நாடுகள் விலக்கிய ரஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலையில் கிடைத்தது. இறக்குமதியில் 2 சதவீதத்தை ஒட்டியிருந்த அதன் பங்கு 2023-24-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சென்றது.

ஆகவே உலகச் சந்தையோடு பிணைந்திருத்தல் அதிர்ச்சியை உள்ளே கொண்டுவரும் வழியாகவும், அவ்வதிர்ச்சியைத் தாங்கும் வலுவாகவும் ஒருங்கே அமைகிறது. பிணைப்பின் தீமைகளையும் மறைத்தல் ஆகாது. 2008 ஜூலையில் விலை 147 டாலரைத் தொட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் 40 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. எண்ணெய் மலிந்தும் இந்தியாவுக்கு நிம்மதி கிடைக்கவில்லை; அமெரிக்க வங்கிகளின் சரிவால் உலக வாணிகமே சுருங்கி, ஏற்றுமதித் தொழில்கள் தவித்தன. எண்ணெய் மலிவு அயலகத் தொழிலாளரையும் தாக்குகிறது. 2016-இல் சவூதி அரேபியாவின் கட்டுமான நிறுவனங்கள் சிலவற்றில் ஊதியம் நின்று, ஆயிரக்கணக்கான இந்தியர் உணவுக்கே திண்டாடினர். மலிந்த எண்ணெய் ஒரு வீட்டில் சேமிப்பாகவும் அடுத்த வீட்டில் வேலையிழப்பாகவும் வருகிறது.

புள்ளிவிவரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2004 முதல் 2008 வரை எண்ணெய் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அதே ஆண்டுகளில் இந்தியாவின் வளர்ச்சியும் 8 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. இவ்விரு வரிசைகளையும் வரைபடத்தில் இட்டால், விலையேற்றம் வளர்ச்சிக்கு உதவுவது போலத் தோன்றும். உண்மையில் சீனம், இந்தியா முதலிய நாடுகளின் வளர்ச்சியே எண்ணெய்க்குத் தேவையைக் கூட்டி விலையை ஏற்றியது. போரால் வரத்துக் குறைந்து ஏறும் விலை வேறு. தேவை மிகுந்து ஏறும் விலை வேறு. முன்னது வளர்ச்சியை அறுக்கும். பின்னது வளர்ச்சியின் நிழல். இரண்டையும் பிரிக்காமல் கணக்கிடும் ஆய்வுகளின் முடிவுகளை ஐயத்தோடு ஏற்பதே முறை.

கரியமிலவாயுவின் கணக்கு

ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 0.83 கிலோ. அதில் 86 சதவீதம் கரி, அதாவது 0.71 கிலோ. எரியும்போது 12 பங்கு கரி, 32 பங்கு பிராணவாயுவுடன் கூடி 44 பங்கு கரியமிலவாயு ஆகிறது. 0.71-ஐ 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 2.6 கிலோ. ஒரு கிலோவுக்கும் குறைவான டீசலிலிருந்து இரண்டரை கிலோவுக்கு மேல் வாயு எவ்வாறு வரும் என்று மாணவர் கேட்பர். கூடுதல் எடை காற்றிலிருந்து வந்த பிராணவாயுவினுடையது. வேதியியல் பாடத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நாடு முழுவதும் எரிபொருள்களால் ஓராண்டில் வெளியாகும் கரியமிலவாயு 2022-இல் சுமார் 280 கோடி டன். சீனத்துக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்து மூன்றாம் இடம். ஆனால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் சுமார் 2 டன். உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. இந்த 280 கோடி டன்னில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எண்ணெயின் பங்கு நான்கில் ஒன்றை ஒட்டியது. நிலக்கரியின் பெரும்பகுதி ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் முதலிய மாநிலங்களில் உள்நாட்டிலேயே வெட்டி எடுக்கப்படுகிறது. 2024-25-இல் உற்பத்தி 100 கோடி டன்னைக் கடந்தது. அதற்கு டாலர் வேண்டியதில்லை. ஆதலால் நிலக்கரி செலாவணிக்கு நண்பன், காற்றுக்குப் பகைவன்.

இதன் விளைவு என்ன என்பதை ஒரு பம்புசெட்டில் காணலாம். 5 குதிரைத்திறன், அதாவது 3.7 கிலோவாட் தரும் டீசல் எஞ்சின் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1.1 லிட்டர் டீசல் குடிக்கும். வெளியாகும் கரியமிலவாயு 2.9 கிலோ. அதே திறனுள்ள மின்மோட்டார், 85 சதவீதத் திறப்பாடு உடையதாயின், மணிக்கு 4.4 யூனிட் மின்சாரம் எடுக்கும். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவை ஒட்டிக் கரியமிலவாயு வெளியாவதால், மணிக்கு 3.1 கிலோ. மின்கம்பிகளில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்னும் கூடும். டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்திய உழவர் டீசல் செலவிலிருந்து விடுபட்டார். நாடு அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தியது. ஊரில் புகையும் இரைச்சலும் நீங்கின. கரியமிலவாயுவின் கணக்கில் மட்டும் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. புகைபோக்கி வயலிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறியது, அவ்வளவே. அகல இருப்புப் பாதைகள் ஏறத்தாழ முழுவதும் மின்மயமானதன் கணக்கும் இவ்வகைப்பட்டதே. அங்கு மின் எஞ்சினின் திறப்பாடு மிகுதியாதலால் சற்று நன்மை கூடுதல்.

இதிலிருந்து மின்மயமாக்கல் வீண் என்று முடிவு கட்டலாகாது. டீசல் எஞ்சின் தன் ஆயுள் முழுவதும் டீசலையே எரிக்கும். மின்மோட்டாரோ, மின்தொகுப்பில் சூரிய ஒளியும் காற்றும் நீர்வீழ்ச்சியும் அணுவும் தரும் பங்கு கூடக் கூட, தான் மாறாமலே தூய்மையாகிக்கொண்டு போகும். 2025-இன் நடுவில் நாட்டின் மின்நிலையங்களின் நிறுவுதிறனில் பாதி இத்தகைய மூலங்களுக்கு உரியதாயிற்று. நிறுவுதிறனும் உற்பத்தியும் ஒன்றல்ல என்பதை மாணவருக்கு விளக்க வேண்டும். இரவில் சூரியத் தகடு உறங்குகிறது. ஆகவே உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியினுடையதே.

2019-இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் கீழ் வழங்கப்படும் சூரிய சக்திப் பம்பு, எண்ணெய், நிலக்கரி ஆகிய இரண்டு சுமைகளையும் ஒருங்கே குறைக்கிறது. ஆனால் இயக்கச் செலவு இல்லாமையால் நிலத்தடி நீரை அளவின்றி இறைக்கும் ஆசையை அது தூண்டும். நீர்மட்டம் ஆழ்ந்துவரும் வட்டாரங்களில் கள அலுவலர் இதனைத் தொடக்கத்திலேயே எடுத்துரைப்பது நன்று.

எண்ணெயைக் குறைக்க மேற்கொள்ளப்பட்ட மற்றொரு வழி எத்தனால். பெட்ரோலில் அதன் கலப்பு 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. கரும்புக்கு வேண்டிய நீர் ஒருபுறம். ஆலைகள் மக்காச்சோளத்தைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதும் நாமக்கல் போன்ற கோழிப்பண்ணை வட்டாரங்களில் தீவனத்தின் விலை பேசுபொருளானது மறுபுறம். தவிர, எத்தனால் பெட்ரோலோடு கலப்பது; பெருஞ்செலவாகிய டீசலை அது தொடவில்லை.

வளர்ச்சியடைந்தால் மாசு தானே குறையுமா?

ஏழை நாடு வளரத் தொடங்கும்போது மாசு ஏறும், வருமானம் ஓர் அளவைக் கடந்ததும் இறங்கும் என்று ஒரு கருத்து 1990-களிலிருந்து பொருளாதார நூல்களில் வழங்குகிறது. கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவால் அதனைக் காட்டுவர். ஊர்ப் புகைக்கும் ஆற்று நீரின் அழுக்குக்கும் இது ஓரளவு பொருந்தும். மக்கள் கண்ணால் கண்டு எதிர்ப்பர், சட்டம் வரும். கரியமிலவாயு நிறமும் மணமும் அற்றது. வெளியிட்ட ஊரில் தங்காமல் உலகெங்கும் பரவுவது. அதற்கு இவ்வளைவு தானே வந்து வாய்க்கும் என்று நம்பியிருப்பதற்குப் போதிய சான்று இல்லை.

இந்தியாவின் கணக்கு இதனைக் காட்டும். 2005 முதல் 2020 வரை, ஒரு ரூபாய் மதிப்புள்ள உற்பத்திக்கு வெளியாகும் வாயுவின் அளவு 36 சதவீதம் குறைந்ததாக அரசாங்கம் ஐக்கிய நாடுகள் மன்றத்துக்கு அறிவித்தது. 2030-க்குள் இது 45 சதவீதமாக வேண்டும் என்பது 2022-இல் ஏற்ற இலக்கு. 2070-க்குள் நிகர வெளியீடு பூச்சியமாக வேண்டும் என்பது 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. ஆனால் உற்பத்தி இரு மடங்காகும்போது, ரூபாய்க்கு வீதம் 36 சதவீதம் குறைந்தாலும், மொத்த அளவு 100-லிருந்து 128 ஆகும். வீதம் இறங்குகிறது, மொத்தம் ஏறுகிறது. செய்திகளில் இவ்விரண்டும் குழப்பப்படுவதைப் பார்க்கலாம்.

துறைமுகத்தில் காத்திருக்கும் வரி

கரியமிலவாயு இதுவரை ஏற்றுமதிப் பொருளின் விலையில் சேராதிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதனைச் சேர்த்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலிய பொருள்கள் அங்கு இறங்கும்போது, அவற்றைச் செய்கையில் வெளியான வாயுவுக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கும் ஏற்பாடு அது. 2023 அக்டோபரில் கணக்கு மட்டும் அறிவிக்கும் கட்டம் தொடங்கியது. 2026 ஜனவரி 1 முதல் கட்டணப் பொறுப்பும் தொடங்கியது. நிலக்கரியைக் கொண்டு ஊதுலையில் ஒரு டன் எஃகு செய்யும்போது இரண்டு டன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளியாகிறது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கினால் மிகக் குறைவு. ஆகவே இந்திய எஃகுக்குச் சுமை அதிகம்.

பெரிய ஆலைகளிடம் கணக்கர்களும் அளவுக் கருவிகளும் இருக்கின்றன. லூதியானாவில் நட்டும் போல்ட்டும் செய்து அனுப்பும் சிறு பட்டறைக்கு அவை இல்லை. ஆனால் அவ்விரு பண்டங்களும் அப்பட்டியலில் அடங்குகின்றன. எஃகுக் கம்பி எந்த உலையிலிருந்து வந்தது, பட்டறையின் மின்சாரம் எவ்வளவு என்று ஐரோப்பிய வணிகர் கேட்டால், விடை சொல்லும் ஏடு வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கான குறிப்பேடு எழுதும் பயிற்சி பாடமாகச் சேர்வது காலத்துக்கு ஏற்றது.

செல்வ நாடுகள் இரண்டு நூற்றாண்டுகளாக நிலக்கரி எரித்து வளர்ந்தபின், வளரும் நாடுகளின் பொருளுக்கு வரி விதிப்பது நேர்மையன்று என்பது இந்தியாவின் வாதம். பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆயினும் அளவில் வேறுபட்டது என்னும் நெறி 1992-இல் ரியோ மாநாட்டில் ஏற்கப்பட்டது. இவ்வாதத்துக்கு அது அடிப்படை. வாதம் வலுவுடையது. ஆனால் வாதம் நடக்கும் காலத்திலும் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. ஏற்றுமதி நாட்டிலேயே கரிமத்துக்கு விலை செலுத்தப்பட்டிருந்தால், அத்தொகையை ஐரோப்பியக் கட்டணத்தில் கழித்துக்கொள்ள இடமுண்டு. 2023-இல் அறிவிக்கப்பட்ட இந்தியக் கரிமச் சந்தைத் திட்டம் செவ்வனே நடைபெற்றால், ஐரோப்பியக் கருவூலத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதி உள்நாட்டிலேயே தங்கும்.

சேமிப்பும் குறிப்பேடும்

திடீர் அதிர்ச்சிக்கு எதிராக விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் பாறைக் குகைகளில் கச்சா எண்ணெய் சேமிக்கும் ஏற்பாடு உள்ளது. மூன்றின் மொத்தக் கொள்ளளவு 53.3 லட்சம் டன். இது நாட்டின் பத்து நாள் தேவைக்கும் குறைவு. ஆலைகளிடமும் நிறுவனங்களிடமும் உள்ள சரக்கு இதனினும் பெரிது. போர் நீடித்தால் குகைகளால் மட்டும் காக்க முடியாது. சில வாரங்களுக்கு மூச்சு விட நேரம் தரும்.

கிராமத்தில் பணிபுரிவோர் ஒரு பருவ காலத்துக்குச் சிறு குறிப்பேடு ஒன்றைத் தொடர்ந்து எழுதலாம். முதல் பத்தியில் ஒவ்வொரு மாதமும் முதல் நாள் டீசல் விலை. அடுத்து, டிராக்டர் உழவுக்கு ஒரு மணி வாடகை. அடுத்து, அருகிலுள்ள சந்தைக்கு ஒரு மூட்டை ஏற்றிச் செல்லும் கூலி. பின், உழவர் ஒரு ஏக்கருக்கு இறைத்த மணிகளும் செலவான டீசல் அல்லது யூனிட்டும். டீசல் ஏறிய எத்தனை நாளில் வாடகை ஏறுகிறது, டீசல் இறங்கிய மாதத்தில் வாடகை இறங்கியதா என்பதைத் தனியே குறிக்க வேண்டும். ஆசிரியர்கள் அதே ஏட்டிலிருந்து லிட்டரை 2.6-ஆலும் யூனிட்டை 0.7-ஆலும் பெருக்கச் செய்து, ஏக்கருக்கு எத்தனை கிலோ கரியமிலவாயு என்று மாணவரைக் கணக்கிட வைக்கலாம். சூரிய சக்திப் பம்பு உள்ள ஒரு வயலையும் சேர்த்துக்கொண்டால் ஒப்பீடு முழுமையாகும். அவ்வயலுக்கு மட்டும் கிணற்றின் நீர்மட்டத்துக்கு ஒரு பத்தி கூடுதலாக வேண்டும்.